கை காட்டி நின்ற வண்டி

ராஜபாளையத்தில் தென்காசி சாலையோரம் இருந்தது அருளப்பனின் ஷெட். பஸ் கம்பெனியில் பதினேழு வருஷம் மெக்கானிக்காக இருந்துவிட்டு 1982-ல் சொந்தமாகத் தொடங்கினார். லாரி, வேன், அம்பாசிடர் எது வந்தாலும் பார்ப்பார். ஆனால் ஊருக்குள் அவர் பெயர் பேசப்பட்டது இரண்டு வண்டிகளால்தான். ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஹமீதின் பச்சைக் கார். மற்றது ஐயாதுரையின் சிவப்புக் கார்.

பச்சைக் கார் 1934-ல் இங்கிலாந்தில் செய்தது. ஹமீதின் அத்தா அதை ஒரு எஸ்டேட் துரையிடமிருந்து வாங்கியிருந்தார். அவர் காலமான பிறகு ஒன்பது வருஷம் குடும்பத்து இரும்புக் கடைக் கிடங்கில் சாக்கு மூடிக் கிடந்தது. 1983-ல் ஹமீது அதை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து அருளப்பன் ஷெட்டில் இறக்கினார். என்ஜின் கல்லாய் இறுகியிருந்தது. எட்டு மாதம் பிடித்தது. கிடைக்காத பாகங்களை அளவெடுத்துக் கோயம்புத்தூரில் கடைந்து வாங்கி வந்தார் அருளப்பன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றினார். மூன்றாவது சுற்றில் வண்டி பிடித்துக்கொண்டது. ஹமீது வெளியே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து இருவரும் சிநேகிதர்கள்.

சிவப்புக் கார் வந்தது பத்து வருஷம் கழித்து. ஐயாதுரைக்குச் செட்டியார்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள் இருந்தன. தகப்பனார் கூலிக்குத் தறி ஓட்டியவர். ஐயாதுரை தலையெடுத்து வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பும் அளவுக்கு வந்திருந்தார். வேறு எந்த ஆடம்பரமும் இல்லாத மனிதர், பம்பாயில் யாரோ ஜப்பானிலிருந்து கொண்டுவந்து விற்ற அந்த டர்போ காரை மட்டும் ஆசைப்பட்டு வாங்கினார். இரண்டே கதவு. தரையோடு படிந்த உடம்பு. மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். டிரைவர் வைத்துக்கொள்ளாமல் தானே ஓட்டினார்.

இரண்டும் ஒரே நாளில் ஷெட்டுக்கு வந்துவிட்டால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிடும். பச்சைக் காரின் மூடியைத் திறந்தால் ஒவ்வொரு பாகமும் தனித்தனியாகத் தெரியும், விரலை வைத்துப் பெயர் சொல்லலாம். சிவப்புக் காரில் குழாயும் வயரும் பின்னிக் கிடக்கும். பச்சை அம்பது மைலுக்கு மேல் போனால் நடுங்கும். சிவப்பின் மீட்டரில் நூற்றெண்பது கிலோமீட்டர் வரை எண் இருந்தது.

"ரெண்டுல எது ஒசத்தி அண்ணாச்சி?" என்று யாராவது கேட்பார்கள்.

"ரெண்டும் என் கைக்கு வருதுல்லா, அத சொல்லு" என்பார் அருளப்பன்.

அவருக்கு அதில் பெருமை இருந்தது. அறுபது வருஷ இடைவெளியில் செய்த இரண்டு வண்டிகளையும் ஒரே ஆள் பார்ப்பது மதுரை வரை போனாலும் கிடையாது என்று நினைத்தார். அப்படி நினைத்ததில் பொய்யும் இல்லை.

பச்சைக் காருக்குப் பின்னால் ஒரே ஒரு சின்ன விளக்குதான். அது இருட்டில் நம்பர் பலகையைக் காட்டுவதற்கு. பிரேக் மிதித்தால் எரியும் சிவப்பு விளக்கு அதில் கிடையாது. நிற்க வேண்டுமானாலும் திரும்ப வேண்டுமானாலும் ஹமீது வலது கையை வெளியே நீட்டிக் காட்டுவார். அவருடைய அத்தாவும் அப்படித்தான் ஓட்டினார். சாலையில் மாட்டு வண்டியும் நாலு பஸ்ஸும் ஓடிய காலத்தில் அது போதுமாக இருந்தது.

1993 தீபாவளிக்கு முன்னால் ஹமீது கேட்டார்: "அண்ணாச்சி, ரோட்டுல இப்ப வேகம் சாஸ்தியாப் போச்சு. பின்னால ஒரு பிரேக் லைட்டு மாட்டிக் குடுங்களேன்."

அருளப்பன் பின்பக்கத்து மட்கார்டைத் தடவிப் பார்த்தார். அந்தத் தகரத்தை அவரே தட்டி நிமிர்த்தி, அவரே ஆறு கோட்டு பெயின்ட் அடித்திருந்தார். "இதுல ஓட்டை போட்டா அழகே போயிரும் பாய். ஒரு பிராக்கெட்டு தனியா செஞ்சு மாட்டுவோம். செத்த பொறுங்க" என்றார்.

ஜனவரியில் ஹமீது மறுபடி கேட்டார். "செஞ்சிருவோம்" என்றார் அருளப்பன். அந்தப் பிராக்கெட்டை அவர் செய்யவே இல்லை. வேலை நெருக்கடி என்று வெளியே சொல்லிக்கொண்டார். அந்த வண்டியில் புதுச் சாமான் ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்க அவருக்கு மனசில்லை என்பதே நிஜம்.

1994 மார்ச் மாதம், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நாலரை மணி. ஹமீது ராஜபாளையத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வண்டியில் வேறு யாரும் இல்லை. வன்னியம்பட்டிக்குப் பிரியும் விலக்குக்குக் கொஞ்சம் முன்னால் இடது பக்கத்திலிருந்து ஏழெட்டு ஆடுகள் சாலையில் இறங்கின. ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்த பெண் பெத்தம்மாள். வன்னியம்பட்டிக்காரி, நாற்பத்தைந்து வயது இருக்கும். தலையில் ஆட்டுக்கு ஒடித்த அகத்திக் குழைக் கட்டு. அவள் சாலையோர மண்ணிலேயே நின்று, ஆடுகள் போகட்டும் என்று ஹமீதைப் பார்த்துக் கையைக் காட்டினாள். ஹமீது வேகத்தைக் குறைத்து, வலது கையை வெளியே நீட்டி, வண்டியை நிறுத்தினார்.

பின்னால் ஐயாதுரை வந்தார். திருமங்கலத்தில் ஒருவரைப் பார்க்க வேண்டியிருந்தது, நேரமாகிவிட்டது. நீட்டிய கையைப் பார்த்தார். முன்னால் போகும் வண்டி வலது பக்கம் திரும்பப்போகிறது என்று எடுத்துக்கொண்டார். அப்படியானால் இடது பக்கம் வழி காலியாக இருக்கும். பிரேக்கைத் தொடாமல் இடது பக்கம் ஒடித்தார். பச்சைக் காரைத் தாண்டும்போதுதான் மண்ணில் நின்றவளைக் கண்டார்.

ஹமீது சத்தத்தைக் கேட்டார். தன் இடது ஜன்னலைத் தாண்டி ஒரு சிவப்பு போவதையும், குழைக் கட்டு அவிழ்ந்து பறப்பதையும் கண்டார். அவர் இறங்கி ஓடியபோது பெத்தம்மாளுக்கு மூச்சு இருந்தது. ஐயாதுரையும் ஓடி வந்தார். இருவருமாகத் தூக்கி, முன்னால் நசுங்கியிருந்த சிவப்புக் காரிலேயே கிடத்தி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போய்ச் சேர்வதற்குள் அவள் இறந்துவிட்டாள்.

போலீஸ் வந்து சாலையை அளந்தது. ஐயாதுரை மேல் வழக்குப் பதிவானது. ஹமீது சாட்சி. விசாரணையின்போது இன்ஸ்பெக்டர் ஹமீதிடம் கேட்டார்:

"உங்க வண்டியில ஏன் பிரேக் லைட் இல்ல?"

"பழைய வண்டி சார். அந்தக் காலத்துல கெடையாது" என்றார் ஹமீது. அருளப்பனிடம் இரண்டு தரம் கேட்டதைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை.

ஒரு மாதத்துக்குள் ஊர்ப் பேச்சு மாறிவிட்டது. அறுபது வருஷத்து டப்பாவை ரோட்டில் ஓட விட்டது யார் குற்றம், லைட் இல்லாமல் நடு ரோட்டில் நின்றால் பின்னால் வருகிறவன் என்ன செய்வான் என்று டீக்கடையில் பேசினார்கள். ஐயாதுரையின் வக்கீலும் அதையே பிடித்துக்கொண்டார் என்று சேதி வந்தது.

போலீஸ் விடுவித்த பிறகு சிவப்புக் கார் அருளப்பன் ஷெட்டுக்கே வந்தது. முன் தகரத்தை நிமிர்த்தி, இடது விளக்கை மாற்ற வேண்டும். பச்சைக் காரையும் ஹமீது அங்கேயே கொண்டுவந்து விட்டுவிட்டார். அவருக்கு அதைத் தொடவே பிடிக்கவில்லை. இரண்டும் பழையபடி பக்கத்துப் பக்கத்தில் நின்றன. இப்போது வேடிக்கை பார்க்க யாரும் வரவில்லை.

ஜூன் மாதம் ஒருநாள் காலையில் ஒரு மனிதர் ஷெட் வாசலில் வந்து நின்றார். மெலிந்த உடம்பு, அழுக்கு வேட்டி, தோளில் துண்டு. உள்ளே வராமல் இரண்டு கார்களையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"யாரு வேணும்?" என்றார் அருளப்பன்.

"நான் கருத்தையா. வன்னியம்பட்டி. செத்துப்போன பெத்தம்மா எம் பொஞ்சாதி."

அருளப்பன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டார். கருத்தையா உட்காரவில்லை.

"அண்ணாச்சி, ஸ்டேஷன்ல பேசுதாக, கோர்ட்டுல பேசுதாக. பிரேக்குங்காக, லைட்டுங்காக, ஸ்பீடுங்காக. அந்த வண்டி தப்புன்னு ஒருத்தர் சொல்லுதாரு, இந்த வண்டி தப்புன்னு இன்னொருத்தர் சொல்லுதாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. நான் காருல ஏறுனதே கெடையாது. இருவத்தாறு வருசம் என்கூட இருந்தா. அவ எப்பிடிச் செத்தாங்கிறது எனக்கு வெளங்கணும். ரெண்டு வண்டியும் உங்களுக்குத்தான் தெரியும்னு சொன்னாக."

அருளப்பன் சொல்லிப் பார்த்தார். பழைய வண்டியில் பிரேக்கைக் கம்பி இழுக்கும், புதிதில் எண்ணெய் அழுத்தும் என்றார். கருத்தையா தலையை ஆட்டினார். ஆனால் அவர் முகம் அப்படியே இருந்தது.

"வாயால சொன்னா எனக்கு ஏறாது அண்ணாச்சி. அந்த எடத்துல ஓட்டிக் காட்டுதீகளா?"

அருளப்பன் யோசித்தார். சொந்தக்காரரைக் கேட்காமல் சிவப்புக் காரை எடுப்பது முறையில்லை. கேட்டால் வக்கீல் விடமாட்டார். ஆனால் வேலை முடிந்த வண்டியை ட்ரையல் பார்ப்பது வழக்கம்தானே. "வர்ற ஞாயித்துக்கெழம காலையில ஆறு மணிக்கு அங்க நில்லுங்க" என்றார்.

பச்சைக் காரை ஓட்ட ஹமீதைக் கூப்பிட்டார். ஹமீது முதலில் மறுத்தார். பிறகு, "அந்த மனுசன் கேட்டா நான் வரணும்" என்று சொல்லி ஒத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாலை காலியாக இருந்தது. மேற்கே மலை மேல் மேகம் படிந்திருந்தது. பெத்தம்மாள் நின்ற இடத்துக்கு நேராக அருளப்பன் சுண்ணாம்பால் சாலைக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டார். கருத்தையாவிடம், "இந்தக் கோட்டுக்கு வந்ததும் நாங்க பிரேக் போடுவோம். எங்க நிக்கிதோ அதுவரைக்கும் நீங்களே எட்டு வச்சு அளந்து பாருங்க" என்றார்.

முதலில் ஹமீது வந்தார். முப்பது மைல் வேகம். கோட்டில் மிதித்தார். பச்சைக் கார் முனகிக்கொண்டே போய் நின்றது. கருத்தையா நடந்து எண்ணினார். இருபத்தெட்டு எட்டு.

அடுத்து அருளப்பன் சிவப்புக் காரை அதே வேகத்தில் கொண்டுவந்து கோட்டில் மிதித்தார். கருத்தையா எண்ணினார். பதினைந்து. தப்பாக எண்ணிவிட்டோமோ என்று திரும்பப் போய் மறுபடி எண்ணினார். பதினைந்துதான்.

"அப்பம் இதுதான் சட்டுனு நிக்கிது!" என்றார்.

"ஆமா. பாதி தூரத்துல நின்னுரும். பிரேக்கப் பொறுத்தவரைக்கும் பழைய வண்டி இதுக்குப் பக்கத்துல வராது."

கருத்தையா சிவப்புக் காரையே வெகு நேரம் பார்த்தார். பிறகு, "அவரு வந்த வேகத்துல ஓட்டுங்க. நானும் ஏறிக்கிடுதேன்" என்றார்.

"வேண்டாம் கருத்தையா" என்றார் ஹமீது.

"ஏறணும்" என்றார் அவர்.

அருளப்பன் வண்டியைப் பின்னால் ஒரு மைல் கொண்டுபோய்த் திருப்பினார். கருத்தையா பக்கத்து சீட்டில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை ஏற்றியதும் காற்றுச் சத்தம் நின்றுபோனது. மீட்டர் அறுபதுக்குப் போனது, எண்பதுக்குப் போனது. புளிய மரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பின்னால் ஓடின. நூறு, ஐயாதுரை வந்ததாகப் போலீஸ் எழுதிய வேகம். கோடு தெரிந்த உடனே வந்துவிட்டது. அருளப்பன் மிதித்தார். கருத்தையா முன்னால் சாய்ந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். டயர் கத்தியது. நின்றது.

கொஞ்ச நேரம் அவர் இறங்கவில்லை.

"அம்புட்டு வேகத்துல வந்தோம்னு உள்ள இருக்கும்போது தெரியவே இல்லையே" என்றார்.

"தெரியாது. அதுக்குத்தான் மீட்டரப் பாக்கணும்."

கருத்தையா இறங்கி எண்ணினார். அறுபத்து நாலு. சாலையில் புதிதாக விழுந்த கறுப்புக் கோடுகளைக் குனிந்து தொட்டுப் பார்த்தார். ரப்பர் வாடை அடித்தது.

"அண்ணாச்சி, அன்னைக்கு இது மாதிரி டயர்க் கோடு அவ கெடந்த எடத்துக்கு அங்கிட்டுத்தான் இருந்துச்சு. இங்கிட்டு ஒண்ணுமே இல்ல. நான் பாத்தேன்."

"போலீஸ் படத்துலயும் அப்பிடித்தான் இருக்கு."

"அப்பம் அவரு அவள அடிக்கதுக்கு முன்ன பிரேக்கே போடல."

"போடல."

கருத்தையா தலையை ஆட்டினார். பிறகு பச்சைக் காரின் பின்பக்கம் போய் நின்றார். "பின்னால செவப்பு லைட்டு எரிஞ்சிருந்தா போட்டிருப்பாரா?"

ஹமீதும் அருளப்பனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போட்டிருக்கலாம்" என்றார் அருளப்பன்.

"இதுல ஏன் இல்ல?"

"பழைய வண்டி. அப்பம் அதெல்லாம் கெடையாது" என்று ஹமீது அவசரமாகச் சொன்னார்.

"இல்ல கருத்தையா" என்றார் அருளப்பன். "பாய் என்கிட்ட ரெண்டு தரம் கேட்டாரு, லைட்டு மாட்டுங்கன்னு. நான்தான் மாட்டல. வண்டி அழகு கெட்டுப் போயிரும்னு தள்ளிப் போட்டேன்."

ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு கடந்து போனது. அது போகும் வரை கருத்தையா காத்திருந்தார்.

"அத மாட்ட எம்புட்டு நேரம் ஆகும்?"

"ஒரு மணி நேரம்."

கருத்தையா சாலையோரத்து மண்ணில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று அருளப்பன் எதிர்பார்த்தார். எழுந்து அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பார். கருத்தையா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஹமீது பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வெயில் ஏற ஆரம்பித்தது. வெகு நேரம் கழித்துக் கருத்தையா துண்டை எடுத்தார்.

"இத கோர்ட்டுலயும் சொல்லுவீகளா?"

"சொல்லுதேன்" என்றார் அருளப்பன்.

வழக்கு இழுத்தது. 1995 செப்டம்பரில்தான் அருளப்பனுக்குச் சம்மன் வந்தது. கூப்பிட்டது ஐயாதுரையின் வக்கீல். பழைய வண்டியில் பிரேக் விளக்கு இல்லை என்று அதைப் பராமரித்த மெக்கானிக்கே சொல்லிவிட்டால் போதும் என்பது அவர் கணக்கு.

கோர்ட்டுக்குப் போவதற்கு முதல் நாள் சாயங்காலம் சட்டையைத் தேய்த்துக்கொண்டே அருளப்பனின் மனைவி இன்பம் சொன்னாள்: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு வாங்க. நீங்களா ஒண்ணும் எடுத்துப் பேச வேண்டாம். ஐயாதுரை வேன் பூராவும் நம்ம ஷெட்டுக்குத்தான் வருது."

"கேக்காட்டியும் சொல்லணும் இன்பம்."

"ஒங்க பேரு கெட்டுப்போகும். லைட்டு மாட்டாத மெக்கானிக்குன்னு சொல்லுவாக."

"மாட்டலதான்."

சட்டையை மடித்துக் கொடுத்துவிட்டு, "நானும் வாரேன்" என்றாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் கூட்டம் இல்லை. கருத்தையா பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஐயாதுரையின் வக்கீல் கேட்டார். பழைய வண்டியில் பிரேக் விளக்கு இல்லை என்று அருளப்பன் சொன்னார். விளக்கு இல்லாமல் இந்தக் காலத்துச் சாலையில் ஓட்டுவது ஆபத்துதானே என்று வக்கீல் கேட்டார். ஆமாம் என்றார் அருளப்பன்.

"அப்படியிருந்தும் ஹமீது அதைப் பொருத்தவில்லை. அப்படித்தானே?"

"இல்லீங்க ஐயா. அவரு பொருத்தச் சொல்லி என்னய ரெண்டு தரம் கேட்டாரு. நான்தான் செய்யல. அது என் தப்பு."

வக்கீல் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார். "சரி, போதும்" என்று உட்கார்ந்துவிட்டார். அரசுத் தரப்பு வக்கீல் எழுந்தார். சிவப்புக் காரில் ஏதாவது கோளாறு இருந்ததா என்று கேட்டார்.

"ஒரு கோளாறும் கெடையாது. பிரேக் ரொம்ப நல்ல பிரேக். பழைய வண்டிய விடப் பாதி தூரத்துல நிக்கும். போட்டா நிக்கும்."

எப்படித் தெரியும் என்று கேட்டபோது, ஓட்டிப் பார்த்ததைச் சொன்னார். ஐயாதுரையின் வக்கீல் குதித்து எழுந்தார். சொந்தக்காரர் அனுமதி இல்லாமல், போலீஸ் இல்லாமல், யார் இந்தச் சோதனையைச் செய்யச் சொன்னது என்று சத்தம் போட்டார். மாஜிஸ்திரேட்டும் அதையே கேட்டார்.

"செத்துப்போன அம்மாவோட வீட்டுக்காரர் கேட்டாரு ஐயா. அவருக்கு வெளங்கணும்னு கேட்டாரு. மொதலாளிகிட்ட கேக்காம எடுத்தது என் தப்புதான்."

அந்தச் சோதனையைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று மாஜிஸ்திரேட் சொல்லிவிட்டார். போலீஸ் அளந்த அளவும், டயர்க் கோடு தொடங்கிய இடமும் ஏற்கெனவே பதிவில் இருந்தன.

வெளியே வேப்ப மரத்தடியில் ஐயாதுரை நின்றிருந்தார். இந்த ஒன்றரை வருஷத்தில் அவருக்கு முடி நரைத்திருந்தது. அருளப்பனைக் கண்டதும் கிட்டே வந்தார்.

"நீங்க பொய் சொல்லலண்ணே. எனக்குத் தெரியும்."

அருளப்பன் அவர் பக்கம் திரும்பி நின்றார்.

"அந்தக் கையப் பாத்தேன். வலது பக்கம் திரும்புதாருன்னு நெனச்சேன். தெனமும் அதயே நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன். லைட்டு எரிஞ்சிருந்தா கண்டிப்பா நின்னிருப்பேண்ணே."

"இருக்கலாம் மொதலாளி. அதுல என் பங்கு இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா கையப் பாத்தீகள்ல. என்னன்னு சரியாத் தெரியாட்டி வேகத்தக் கொறச்சிருக்கணும். கொறச்சிருந்தா அந்த வண்டி நின்னிருக்கும்."

ஐயாதுரை இன்பத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். மறு வாரத்திலிருந்து அவருடைய வேன்கள் வேறு ஷெட்டுக்குப் போயின.

தீர்ப்பு 1996 பிப்ரவரியில் வந்தது. ஐயாதுரைக்கு ஆறு மாதம். மேல் கோர்ட்டுக்குப் போனதில் அது மூன்று மாதமானது. அதை அவர் உள்ளே இருந்து கழித்தார்.

தீர்ப்பு வாசித்த அன்று கருத்தையா கோர்ட்டு வாசலில் அருளப்பனுக்காகக் காத்து நின்றார். ஹமீதும் உடன் வந்தார். ஹமீது பேச ஆரம்பித்தார்: "கருத்தையா, அண்ணாச்சி தன் மேல போட்டுக்கிட்டாரு. ஆனா வண்டி என்னுது. அவரு செய்யலன்னா நான் வேற ஆளுகிட்ட போயிருக்கலாம். நானும் போகலல்லா."

கருத்தையா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மூணு பேரும் ஆளுக்குக் கொஞ்சமாச் செஞ்சிருக்கீக" என்றார். குரலில் கோபம் இல்லை. "எனக்கு இப்ப வெளங்கிருச்சு. வெளங்குனதுனால ஒண்ணும் கொறஞ்சிரல."

ஹமீது காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கருத்தையா பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். அதற்குப் பிறகு அருளப்பன் அவரை இரண்டு மூன்று தரம் சந்தையில் பார்த்தார். கருத்தையா நின்று, "நல்லாயிருக்கீகளா?" என்று கேட்டுவிட்டுப் போவார். அதற்குமேல் பேச்சு இல்லை. அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதுதான் அருளப்பனுக்குப் பெரும்பாடாக இருந்தது.

பச்சைக் காரில் அருளப்பன் ஓட்டை போட்டு விளக்கை மாட்டினார். ஆனால் ஹமீது அதை அதிகம் ஓட்டவில்லை. மாதத்துக்கு ஒரு தரம் என்ஜின் இறுகாமல் இருக்கக் கடைத் தெருவைச் சுற்றி வருவார், அவ்வளவுதான்.

ஐயாதுரை வெளியே வந்த பிறகு சிவப்புக் காரை விற்க முடிவு செய்தார். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். வண்டியைத் தெரிந்த மெக்கானிக் யாராவது முன்னால் நின்று சொன்னால்தான் வாங்குவேன் என்று அவர் சொல்லிவிட்டாராம். ஐயாதுரை ஆள் அனுப்பினார். அருளப்பன் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார்.

வந்தவருக்கு முப்பது வயது இருக்கும். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அருளப்பன் மூடியைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். என்ஜின் நன்றாக இருக்கிறது, டர்போவில் குறை இல்லை, பிரேக் இந்த வட்டாரத்தில் வேறு வண்டிக்கு இல்லாத பிரேக் என்றார். எல்லாமே உண்மை. இளைஞர் முன் தகரத்தில் கையை வைத்துத் தடவினார். பெயின்ட் ஓரிடத்தில் லேசாக நிறம் மாறியிருந்ததைக் கண்டுவிட்டார்.

"அடி வாங்கின வண்டியா?"

ஐயாதுரை வாசல்படியில் நின்றிருந்தார். அவர் அருளப்பனைத் தடுக்கவும் இல்லை, தாமாகப் பதில் சொல்லவும் இல்லை.

"ஆமா தம்பி" என்றார் அருளப்பன். "வன்னியம்பட்டிகிட்ட ஒரு அம்மா மேல மோதிருச்சு. எறந்துபோனாக. பெத்தம்மாள்னு பேரு."

அந்த இளைஞர் கையை எடுத்துக்கொண்டார். பிறகு உள்ளே உட்கார்ந்து, கதவைச் சாத்தி, ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தார். மூடிய கண்ணாடிக்கு வெளியே நின்ற இருவரும் அவர் என்ன முடிவு சொல்லப்போகிறார் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணாடியை இறக்கி, "ஒருதரம் ஓட்டி, பிரேக்கை மட்டும் போட்டுக் காட்டுங்க" என்றார்.

அருளப்பன் அடுத்த பக்கக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். "நீங்களே ஓட்டுங்க. மெதுவாப் போங்க, நான் சொல்லுதேன்" என்றார்.